புள்ளி நகர்ந்ததும் மீசை வளர்ந்ததும்

பணி ஓய்வு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி, டிபன் ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் என் வாய் ஓயாது. மேடை ஏறினால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் அதோடு விடவில்லை. போன வாரம் ஒருத்தி போன் செய்தாள். புதிதாக ஒரு புரோகிராம் வந்திருக்கிறதாம். படத்தைக் கொடுத்தால் அதுவே புள்ளிகளைக் கண்டுபிடித்து, எது எந்தப் பக்கம் போனது என்று கோடு போட்டுத் தந்துவிடுகிறதாம். "நீங்க வருஷக்கணக்கா பண்ணத டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிடுதுக்கா" என்றாள். ரொம்ப சந்தோஷம். என் கழுத்து வலி அந்த மெஷினுக்கு வராமல் இருந்தால் சரி. "கையால பண்ண காலத்துல எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

எழுதுகிறேன். ஆனால் அவள் கேட்டதை மட்டும் எழுதினால் என் மனசு ஆறாது. தணிகாசலத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அவர் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்தவரில்லை. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எனக்கு அடுத்த தெருவில், பந்தல், சேர், சமையல் ஆள் எல்லாம் ஏற்பாடு செய்கிற பந்தல் கடை வைத்திருப்பவர்.

நான் படித்தது விலங்கியல். காஞ்சிபுரத்துத் தறி வீட்டுப் பெண் என்றால் விரலில் பொறுமை இருக்கும் என்று நினைத்துத்தான் சென்னையில் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்களாம். எனக்குத் தறியில் ஒழுங்காக உட்காரக்கூடத் தெரியாது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வேலை போய்விடுமே. கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, செல் வளர்க்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் நுண்ணோக்கி அறைக்கு வந்து சேர்ந்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், காலை ரயிலில் நின்றுகொண்டே போவது, சாயங்காலம் நின்றுகொண்டே வருவது எல்லாம் அதற்குள் நடந்து முடிந்துவிட்டன.

எங்கள் தெருக்காரர்கள் நான் வேலை செய்த இடத்தை 'மூளை ஆபீஸ்' என்பார்கள். அங்கே என்னதான் செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயம் மனதில் கொஞ்ச நேரம் நிற்பது வேறு, ஆயுசுக்கும் நிற்பது வேறு. கொஞ்ச நேரம் நிற்பதற்கு, இரண்டு நரம்பு செல்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஏற்கெனவே இருக்கிற சரக்கே போதும். நாள்கணக்கில், வருஷக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் அந்த இடம் பலப்பட வேண்டும், அதற்குப் புதுப் புரதம் வேண்டும். புரதம் செய்வதற்கான மூலக் குறிப்பு செல்லின் நடுவே உட்கருவில் பத்திரமாக இருக்கிறது. அதன் நகல்தான் ஆர்.என்.ஏ. நரம்பு செல்லின் கிளைகளோ மிக நீளம். நடுவிலிருந்து கிளம்புகிற ஆர்.என்.ஏ.க்களில் சில அந்தக் கிளைக்குள்ளேயே நெடுந்தூரம் போய், எந்த இடம் பலப்பட வேண்டுமோ அதன் பக்கத்தில் நின்று, அங்கேயே புரதம் தயாராக வழி செய்கின்றன. இந்தப் போக்குவரத்தைக் கெடுத்துவிட்டால், காலையில் பழகியது எலிக்கு மறுநாள் இல்லாமல் போகும். ஆர்.என்.ஏ. எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

பார்ப்பது என்றால் சும்மா இல்லை. எலிக்குட்டியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி, புது விஷயங்கள் முதலில் பதிய அது வேண்டும். அதைப் பிரித்தெடுத்து, செல் செல்லாகக் கலைத்து, கண்ணாடித் தட்டில் வளர்க்க வேண்டும். வெறும் கண்ணாடியில் நரம்பு செல் ஒட்டாது, அதற்கென்று ஒரு பூச்சு பூச வேண்டும். பூச்சு அதிகமானால் செல் செத்துப்போகும், குறைந்தால் உருண்டு திரண்டு மிதக்கும். கிளை விட்டு வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கதவைப் படார் என்று சாத்தினால்கூட எனக்குக் கோபம் வரும். அப்புறம், நாம் தேடுகிற ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு மினுங்குகிற ஒரு புரதத்தைச் செல்லுக்குள் ஏற்றுவோம். இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழே வைத்தால், கிளைக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். சில நொடிக்கு ஒருமுறை அதைப் படமெடுத்து, படத்துக்குப் படம் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறதென்று நான் மௌஸால் குறிப்பேன். முக்கால்வாசிப் புள்ளிகள் அசையவே அசையாது. சில கொஞ்சம் போகும், நிற்கும், வந்த வழியே திரும்பும். நேராகப் போய்ச் சேர்கிற மாதிரிப் புள்ளி கிடைத்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழா.

அங்கேதான் மேடத்தோடு எனக்கு எப்போதும் தகராறு. மேடம்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி. ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தார் என்றால் எதிரில் இருப்பவர் எழுதியதை அடித்துத் திரும்ப எழுத வேண்டியதுதான். ஒருமுறை நான் அறிக்கையில், 'ஆர்.என்.ஏ. இடம் போய்ச் சேர்ந்தது, நினைவு உறுதிப்பட்டது' என்று எழுதிவிட்டேன். கூப்பிட்டு அனுப்பினார்.

"விசாலாட்சி, நினைவைப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்."

"என்ன பார்த்தீங்க?"

"புள்ளி மேடம்."

"புள்ளி என்ன பண்ணுச்சு?"

"நகர்ந்துச்சு."

"நகர்ந்ததுன்னு எழுதுங்க. போய்ச் சேர்ந்ததுன்னு எழுதாதீங்க. அது எங்க கிளம்புச்சு, எங்க போகணும்னு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் எரிய எரிய இருட்டில் உட்கார்ந்து குறித்தவள் நான், அதில் இரண்டு வார்த்தை சேர்த்தால் என்ன குடியா முழுகிவிடும்? ஆனாலும் அடித்துத் திருத்தினேன். அவர் தன் எழுத்திலும் அப்படித்தான். வெளிநாட்டுக் கூட்டத்துக்கு அனுப்ப எழுதிய கட்டுரையில், தானே எழுதிய 'நினைவு' என்ற சொல்லைப் பல இடங்களில் அடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு மனித மூளைத் துண்டுகள் வர ஆரம்பித்தன. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்கு, வலிப்பு கிளம்புகிற இடத்தை அறுத்து எடுத்துவிடுவார்கள். வீணாகப் போகிற அந்தத் துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று முன்னாலேயே கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். துண்டு எங்களிடம் வரும்போது அதில் எண் மட்டும் இருக்கும். யாருடையது, எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் கூடாது. மேடம் இதில் கறார். துண்டு வந்த நாளில் அந்த அறையில் சிரித்துப் பேசுவதையும் அவர் விடமாட்டார்.

பனிக்கட்டியில் புதைத்த பாட்டிலில், பிராணவாயு குமிழ்விட்டுக்கொண்டிருக்கும் நீரில் அது மிதந்து வரும். தாமதித்தால் போச்சு. மேலே மூடியிருக்கும் சவ்வை உரித்து, அதிர்கிற பிளேடால் தாளைப் போல மெல்லியதாகச் சீவி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டால் சில நாள்கள் உயிரோடு வைத்திருக்கலாம். அதிலும் மினுங்கும் புரதத்தை ஏற்றிப் படமெடுத்தோம். முதன்முதலாக ஒரு மனிதரின் நரம்புக் கிளையில் அந்தப் பச்சைப் புள்ளி அசைந்ததைப் பார்த்தபோது என் கை மௌஸை விட்டுவிட்டது. எலியில் எத்தனையோ ஆயிரம் பார்த்தவள்தான். ஆனாலும் இது ஒருவருடைய தலைக்குள் நேற்றுவரை இருந்தது என்கிற நினைப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மேடமும் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. "நகர்ந்ததுன்னு எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

தேவகி என் வீட்டுக்கு வந்தது அதற்குப் பின்னால்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தணிகாசலத்தின் மனைவி. தெருவில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவு பழக்கம்தான். நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். நேராகச் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க மூளை ஆபீஸ்லதான வேல செய்றீங்க?"

"ஆமா, இன்னா இப்போ?"

"இவரு தலையில இருந்து எடுத்த துண்ட ஆராய்ச்சிக்குத் தரேன்னு நான்தான் கையெழுத்து போட்டேன். அது உங்கக்கிட்டதான் வந்துதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தணிகாசலத்துக்கு வலிப்பு உண்டென்பது ஊருக்கே தெரியும். பந்தல் கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். சென்னையில் ஆபரேஷன் ஆனதும் தெரியும். ஆனால் இதை நான் யோசித்ததேயில்லை. எங்களுக்கு வருவது எண் மட்டும்தான், யாருடையதென்று தெரியாது என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை.

"அது இன்னும் இருக்குதாக்கா? அதுலதான் இவரு ஞாபகம்லாம் மாட்டிக்கினு இருக்குதா?"

இல்லையம்மா, அது சில நாள்தான் தாங்கும், அப்புறம் முறைப்படி எரித்துவிடுவார்கள் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் புதிதாக எதுவும் மனதில் தங்குவதில்லை. மூளையில் ஹிப்போகேம்பஸ் இரண்டு பக்கமும் உண்டு. அவருக்கு வலிப்பு கிளம்பிய ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள், பொதுவாக மற்றது சமாளித்துக்கொள்ளும். தணிகாசலத்துக்கு அந்த மற்ற பக்கமும் வருஷக்கணக்கான வலிப்பில் உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தது. அத்தனை பரிசோதனை செய்தும் அது முன்கூட்டிப் பிடிபடவில்லை, அப்படி அபூர்வமாகச் சிலருக்கு ஆவதுண்டு என்று டாக்டர்கள் சொன்னார்களாம். பழையதெல்லாம் அப்படியே இருக்கிறது. எந்த மண்டபத்துக்கு எத்தனை சேர் பிடிக்கும், சொந்த ஊரான கூரத்தில் யார் மகன் யார் வீட்டில் பெண் எடுத்தான் எல்லாம் சொல்வார். ஒரு நாள் பொழுதுக்குள் நடப்பதையும் ஓரளவு பிடித்துக்கொள்வார். தூங்கி எழுந்தால் அந்த நாளே இல்லை.

ஆபரேஷனாகிச் சில மாதத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். ஒரே பிள்ளை. மொட்டை போட்டு, மீசையை எடுத்து, எல்லாச் சடங்கையும் அவர்தான் செய்தார். அன்றைக்குச் சரியாகத்தான் செய்தாராம். மறுநாள் காலையில் எழுந்தபோது அம்மா இறந்தது அவருக்குத் தெரியாது.

"நீங்களே ஒருவாட்டி காலைல வந்து பாருங்கக்கா. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்" என்றாள் தேவகி.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தணிகாசலம் எழுந்து வெளியே வந்தார். "வாக்கா, இன்னா இந்நேரத்துல?" என்று நன்றாகத்தான் கேட்டார். தலையைத் தடவிக்கொண்டார். மொட்டைத் தலை அவரை ஒன்றும் செய்யவில்லை, ஆபரேஷனுக்காக எடுத்தது என்று நினைத்துக்கொள்கிறார். குழாயடிக்குப் போய்ப் பல் தேய்த்தார். முகத்தில் தண்ணீர் அடித்தார். துடைக்கக் கை மூக்குக்குக் கீழே வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அவருக்குப் பெரிய மீசை. ஊரில் அடையாளமே அதுதான். ஆபரேஷனுக்கு யாரும் மீசையை எடுப்பதில்லை. எத்தனை சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டவர், பிள்ளைக்காரன் எதற்கு மீசை எடுப்பான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா போய் வெகுகாலம் ஆகிறது, அது அவருக்கு நினைவிருக்கிறது. மிச்சமிருப்பது யார்? விரலால் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினார். திரும்பி தேவகியைப் பார்த்தார்.

"அம்மாவா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

குழாயைக்கூட மூடாமல் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து, "எம்மா, எம்மா" என்று பெரிய குரலெடுத்து அழுதார். நான் எத்தனையோ சாவு பார்த்தவள், ஆனால் ஒரே சாவை ஒரு மனிதன் நாள்தோறும் முதல்தடவையாகக் கேட்பதைப் பார்த்ததில்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. அழுகை கொஞ்சம் தணிந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது, எப்படி, கஷ்டப்பட்டாளா, நான் பக்கத்தில் இருந்தேனா. "பந்தல் யாரு போட்டது?" என்றும் கேட்டார். "நம்ம பசங்கதான்" என்றாள் தேவகி. "சேர் பத்துச்சா?" என்றார். "பத்துச்சு" என்றாள். இந்தக் கேள்விகளுக்கு அவள் பதில் சொன்ன விதத்திலேயே இதை எத்தனை காலையில் சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவரே விஷயத்துக்கு வந்தார். அறிவில் ஒரு குறையும் இல்லாத மனிதர். தனக்கு எதுவும் தங்குவதில்லை என்று தேவகி சொன்னால் புரிந்துகொள்கிறார்.

"மீச வளந்துடுமே" என்றார். "வளந்துட்டா எனக்குத் தெரியாம பூடும். எங்கம்மா செத்தது தெரியாம நான் பாட்டுக்கு சோறு துன்னுக்கினு, சிரிச்சிக்கினு இருப்பேன். நாலு பேரு இன்னா சொல்வாங்க? பெத்தவளுக்கு அழாதவன் ஒரு புள்ளையா? தேவகி, நீ டெய்லி சாயங்காலம் எடுத்துவுட்டுடு. நான் வேணாம்னு சொன்னாலும் வுடாத."

இதையும் அவர் பல நாள் சொல்லிவிட்டாராம். தேவகி எடுத்துவிட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் முரண்டு பிடிக்காமல் முகத்தைக் காட்டுவாராம். அவள் கையாலேயே சிரைத்து, அவள் கண் முன்னாலேயே காலையில் அவர் அழ வேண்டும்.

வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னே ஒன்னு சொல்லுங்கக்கா. டெய்லி இப்படி சொல்லிக்கினே இருந்தா ஒரு நாளாவது பதியுமா? பதியும்னா நான் எத்தினி மாசம் வேணாலும் இத செய்வேன். பதியாதுன்னா அந்த மனுஷன எதுக்கு டெய்லி சாவடிக்கணும்?"

அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லப் பார்த்தேன். "உங்க கடைல கல்யாண ஆர்டர் புடிச்சா, சாப்பாட்ட இங்க செஞ்சி அங்க தூக்கிக்கினு போவீங்களா?"

"இல்ல, சமையல் மாஸ்டர அனுப்புவோம். அவரு மண்டபத்துலயே செஞ்சிடுவாரு."

"அந்த மாஸ்டர் மாதிரி ஒன்னு மூளைல இருக்குது. எந்த விஷயம் நிக்கணுமோ அந்த இடத்துக்கே போய் அங்கயே வேலைய முடிக்கும். திரும்பத் திரும்ப, இடைவெளி விட்டுச் சொன்னா நல்லாப் பதியறது அதனாலதான்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. பந்தல் கடைக்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டாள். "மாஸ்டரு போவாரு சரி. இவருக்கு மண்டபமே இடிஞ்சி பூட்சே?"

மேடத்திடம் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேடத்திடம் பெயர் சொல்லாமல், எங்கள் ஊரில் ஒருவர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் சொன்னால் பதியுமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"உங்களுக்கே தெரியலன்னா யாருக்கு மேடம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. எலின்னா ஏதோ சொல்வேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு பொம்பள டெய்லி புருஷன அழ வெச்சுக்கிட்டு நிக்கிறா. அவகிட்ட போய் எலிக் கதையா சொல்லச் சொல்றீங்க? இத்தன வருஷம் என்னத்ததான் பார்த்தோம்?" என்று கத்திவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். மத்தியானம் அவரே இருட்டறைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எனக்கு மேலதிகாரியாக இருந்த இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்தது கிடையாது.

"பதியாதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார் மெதுவாக. "நிச்சயமில்ல. ஆனா ஒன்னு யோசிச்சுப் பாருங்க. செய்தி தங்கற இடம் ஒன்னு, பயம் துக்கம் இதெல்லாம் தங்கற இடம் வேற. அந்த இடம் இவருக்கு ஒரு பக்கமாவது நல்லா இருக்கலாம். அப்போ அம்மா செத்தது மனசுல நிக்காது. ஆனா தினமும் அழுத அந்தத் துக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துக்கிட்டே போகலாம். எதுக்குன்னே தெரியாத துக்கம். இதையும் உறுதியாச் சொல்லாதீங்க."

அன்றைக்கு மிச்சமிருந்த புள்ளிகளை இரண்டு பேருமாகச் சேர்ந்து குறித்தோம்.

அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தேவகியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப செத்தது தெரியாது, ஆனா டெய்லி துக்கம் மட்டும் சேரும்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "இது இன்னும் மோசமா இருக்குதேக்கா." அன்று சாயங்காலம் அவள் அவருக்கு மீசை எடுக்கவில்லை.

பெற்றவளுக்கு அழ வேண்டும் என்ற அவர் ஆசை ஒரு பக்கம், அவர் நிம்மதி ஒரு பக்கம். அவள் நிம்மதியைத் தேர்ந்தெடுத்தாள். அது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கூரத்துச் சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மாமியார் படத்தை மாட்டக்கூட விடமாட்டேன் என்கிறாள், செத்தவளை உயிரோடு இருப்பதாகப் பொய் சொல்கிறாள், இவளெல்லாம் ஒரு மருமகளா என்றார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, "நீங்கதான் அவளுக்கு ஏத்தி வுட்டதாமே" என்று சண்டைக்கு நின்றாள். போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று அனுப்பினேன்.

மீசை வளர்ந்துவிட்டது. காலையில் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு, "அம்மா எங்க காணோம்?" என்பார். "கூரத்துக்குப் போயிருக்காங்க, அறுவடைக்கு" என்பாள் தேவகி. "சொல்லாம கொள்ளாம போயிடும் அது" என்று சிரித்துக்கொண்டே கடைக்குப் போவார். கடையைப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள், இவர் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் அப்பன் தாத்தன் பெயரெல்லாம் சொல்லி விசாரிப்பார். ஒவ்வொரு காலையும் அந்தப் பொய்யைச் சொல்லுகிறபோது முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள முடியவில்லை, ஆனாலும் அவர் சிரிக்கிறாரே என்று தேவகி சொல்வாள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அக்கா, இப்பல்லாம் அவரு கேக்கறதேயில்ல."

"எத?"

"அம்மா எங்கன்னு. ரொம்ப நாளா கேக்கல. மூஞ்சி கழுவறாரு, சுத்தி ஒருவாட்டி பாக்கறாரு, பேசாம போறாரு. பதிஞ்சிட்சாக்கா? தெரிஞ்சிட்சா அவருக்கு? இல்ல, அம்மாவே மறந்து பூட்சா? எனக்குக் கேக்க பயமா இருக்குது. நீங்க வந்து கேளுங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை எழுந்தது. இத்தனை காலம் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை எங்கேயோ மிச்சம் இருந்த ஒரு கிளையில் அது போய்ச் சேர்ந்திருக்குமோ என்று நினைத்தேன்.

தணிகாசலம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேவகி காபி போடுகிற சாக்கில் உள்ளே போனாள். நான் பொதுவாகப் பேசிவிட்டு, "அம்மாவ காணோமே, எங்க?" என்றேன்.

அவர் சட்டென்று உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். தேவகிக்குக் கேட்டிருக்காது என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெர்லக்கா. இருக்கும் எங்கனா."

"வீட்ல கேக்க வேண்டியதுதான?"

"அய்யய்யோ, கேக்கக்கூடாதுக்கா."

"ஏன்?"

"ஏன்னு தெர்ல. இன்னாவோ, அம்மாவ பத்தி வாயெடுக்கக்கூடாதுன்னு தோணுது. எடுத்தா இவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். பாவம்க்கா இவ. நீங்களும் இவகிட்ட கேட்டுடாதீங்க."

தேவகி காபியோடு வந்தாள். "இன்னாமா, அக்காவுக்கு சக்கர கம்மியா போட்டியா?" என்று அவர் கலகலப்பாகக் கேட்டார். குடித்துவிட்டு எழுந்தேன். அவள் தெருமுனைவரை கூடவே வந்தாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப அம்மா செத்தது அவருக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

"ஆனா அவருக்கு அம்மாவ பாக்கணும்னு இருக்குது."

"இருக்குது."

"எனக்காக கேக்காம இருக்காரு."

தேவகி நின்றுவிட்டாள். முந்தானையால் கண்ணை, கன்னத்தை, நெற்றியை அழுத்தித் துடைத்தாள். இரண்டு கையாலும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப பாருங்கக்கா. மூஞ்சி நல்லா இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

வீட்டைப் பார்த்து நடந்தாள்.